துஷ்டி கேட்க ஒரு பக்கம்

தாராவி,
ஆனி மாதம், ஞாயிற்றுக்கிழமை.

என் நாகுக்குட்டிக்கு அக்கா எழுதிக்கொள்வது.

இங்கே நாங்கள் இருக்கிறோம். அங்கே நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்பதுதான் கடிதத்துக்கு முறை. அதை விட்டுவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

ஒரே கூரைக்குக் கீழே இருந்ததால் உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதியிருந்தால் கேலி பண்ணியிருப்பாய். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பால் கணக்கு எழுதி வைத்ததைப் பார்த்துவிட்டு, "எக்கா, இந்த எழுத்தெல்லாம் ஏன் படுத்துக் கெடக்கு, காய்ச்சலா?" என்று கேட்ட பிள்ளைதானே நீ. இப்போது கேலி பண்ண ஆளில்லை. தைரியமாக எழுதுகிறேன்.

உன் அத்தானுக்கு முழங்கால் வலி குறையவில்லை. இட்லிப் பாத்திரத்தைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு செம்பூர் வரைக்கும் போனவர், இப்போது சயானோடு திரும்பிவிடுகிறார். மிஞ்சின இட்லியை நாங்களே தின்று தீர்க்கிறோம். உன் மருமகள் ஷாலினி காட்கோபர் ஆபீசுக்குப் போய் வருகிறாள். மழை பிடித்துக்கொண்டது. வாசலில் தண்ணீர் ஏறுகிறது, அள்ளிக் கொட்டுகிறோம், திரும்ப ஏறுகிறது. நீ படுக்கிற பரணில் அரிசி மூட்டையை ஏற்றி வைத்திருக்கிறேன். கோபப்படாதே. வேறு இடமில்லை.

மாசியோடு நீ போய் வருடம் திரும்பிவிட்டது. டோம்பிவிலியில் ஒரு கடைக்காரருக்குக் கம்ப்யூட்டர் வேலை என்று போனவன், திரும்பி வருகிற ரயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவில்லை. எதிர் சீட்டில் இருந்தவர் சொல்லித்தான் இவ்வளவும் தெரியும். நீ வீடு வந்து சேர்ந்தாய். உன் போன் வந்து சேரவில்லை. அந்தக் கூட்டத்தில் யார் எடுத்தார்களோ.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் பக்கத்து வீட்டு லூசியம்மாள் மதினி. போன வாரம் மழையில் நனைந்துகொண்டு வந்தார்கள். அன்றைக்கு அவர்கள் வீட்டுக்காரர் இன்னாசிமுத்து அண்ணனுடைய நினைவு நாள். கோயிலில் பூசைக்குக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவைக் காட்டலாம் என்று நினைவு அட்டையில் அச்சடித்திருந்த கியூஆர் கட்டத்துக்கு நேரே போனைப் பிடித்திருக்கிறார்கள். இன்டர்நெட்டில் நீ போட்ட பக்கம் வரும், அதில் அண்ணன் சிரித்துக்கொண்டிருப்பார் என்று பார்த்தால், ஒரு பெண்பிள்ளை சீட்டுக்கட்டை விசிறிக்கொண்டு ரம்மி ஆட வா என்று கூப்பிடுகிறாளாம்.

மதினி அழவில்லை. கோபத்தில் இருந்தார்கள். "ஏ இசக்கி, எம் மாப்பிள்ளை உயிரோட இருக்கையில சீட்டைக் கையால தொட்டதில்லட்டி. செத்த பொறவு அவரு பேருல ரம்மி கிளப்பு நடக்கு" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு அவர்கள் போனை வாங்கினேன்.

ஷாலினியிடம் காட்டினேன். அந்தப் பக்கத்தின் பெயருக்கு வருஷா வருஷம் நீதான் வாடகை கட்டிக்கொண்டிருந்தாயாம். நீ போன பிறகு கட்டுவதற்கு ஆளில்லை. பெயரை வேறு யாரோ எடுத்துக்கொண்டார்கள். "உள்ளே மாமா எழுதியிருந்ததெல்லாம்?" என்று கேட்டேன். "எல்லாம் உடாதியா, அம்மா" என்றாள். அழித்துவிட்டார்கள்.

வீட்டை இடித்தால் செங்கலாவது கிடக்கும். இதில் எதுவும் கிடக்காதாமே.

அந்தப் பக்கத்தை நீ எப்படி ஆரம்பித்தாய் என்று நினைத்துக்கொண்டே மாவு கரைத்தேன். கொரோனா வந்து சந்தின் இரண்டு முனையிலும் கம்பு கட்டி அடைத்திருந்த நேரம். இன்னாசிமுத்து அண்ணன் போய்விட்டார். நமக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மதினி அழுகிற சத்தம் கேட்கிறது, போக முடியவில்லை. ஒரு வீட்டில் உயிர் போனால் துஷ்டி கேட்கப் போகாமல் இருந்த ஆட்களா நாம்? பகையாளி வீடாக இருந்தாலும் போய், கையைப் பிடித்து, ஒரு மூச்சு அழுதுவிட்டு, போயிட்டு வாரேன் என்று சொல்லாமல் எழுந்து வருவோம். அதற்கே வழியில்லாமல் போனது. அப்போதுதான் நீ பரணில் ஏறி உட்கார்ந்து, அண்ணனைப் பற்றி எழுதி, படம் போட்டு, அதற்கு அடியில் யார் வேண்டுமானாலும் வந்து துஷ்டி கேட்டுக்கொள்ளலாம் என்று இடம் விட்டாய். கல்யாணிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊரிலிருந்தும் எழுதினார்கள். நீ சுவர் ஓரம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டு வாசித்தாய். சுவருக்கு அந்தப் பக்கம் மதினி ஒவ்வொரு பெயருக்கும் அழுதார்கள். "துஷ்டி வீடு" என்றே அதற்குப் பெயரும் வைத்தாய். பிறகு எத்தனை பேர் வந்து எங்க வீட்டுக்கும் ஒரு பக்கம் போடு என்று நின்றார்கள்.

மறு வருடம் சித்திரையில் நம் அம்மா.

அம்மாவை ஆஸ்பத்திரி வண்டியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குரலும் கேட்கவில்லை. நர்ஸ் போனில் உன்னைத்தான் கூப்பிட்டாள். நீ கடை வாசலில் நின்று பேசினாய். அதுதான் அம்மா கடைசியாகப் பேசியது. வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னலே சொன்னா என்று கேட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டாய். நாலு நாள் கழித்து, "எக்கா, வாயால சொல்ல முடியல. பக்கத்துல எழுதிட்டேன். அதுல பாத்துக்கோ" என்றாய்.

நான் பார்க்கவில்லை. துஷ்டி வீட்டுக்காரி தன் வீட்டுக்கே துஷ்டி கேட்கப் போவாளா? அது வருகிறவர்களுக்குப் போட்ட பக்கம். அது பாட்டுக்கு இருக்கும், எங்கே போய்விடப் போகிறது என்று இருந்துவிட்டேன். நீயும் திரும்பச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

இப்போது அது போய்விட்டது, நாகு. அம்மா என்ன சொன்னாள் என்று தெரிந்த நீயும் இல்லை, எழுதி வைத்த இடமும் இல்லை. எப்படியாவது அந்த ஒரு பக்கத்தை எடுத்துக் கொடு என்று ஷாலினியிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அங்கிருந்து உன்னால் ஆனதைச் செய்.

இப்படிக்கு,
உன் அக்கா
இசக்கி.


தாராவி,
ஆடி, வெள்ளிக்கிழமை.

அன்புத் தம்பி நாகுவுக்கு,

அக்கா எழுதுகிறேன். எல்லோரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அத்தானுக்கு மருந்து மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாட்டுங்காவில் நீ வேலை பார்த்த கல்யாணப் பத்திரிகைக் கடைக்குப் போனேன். முதலாளி வானமாமலை அண்ணாச்சி நாற்காலி போட்டு டீ வாங்கிக் கொடுத்தார். உன் கம்ப்யூட்டரில் இப்போது ஒரு புதுப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வரும்போது எல்லாவற்றையும் துடைத்துவிட்டுத்தான் புதிதாகப் போட்டார்களாம். "நாகராஜ் பொருளுன்னு ஒரு டிபன் பாக்ஸும் குடையும் இருந்துது, அதைப் பத்திரமா வச்சிருக்கேன் பாருங்கம்மா" என்று எடுத்துக் கொடுத்தார். நல்ல மனுஷன். வாங்கிக்கொண்டு வந்தேன். டிபன் பாக்ஸ் மூடி திறக்கவில்லை. அப்படியே வைத்திருக்கிறேன்.

அலுப்பாக இருக்கிறது, நாகு. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை. ஆனால் ஷாலினி ஒரு வழி கண்டுபிடித்தாள். உலகத்தில் இருக்கிற பக்கங்களையெல்லாம் அவ்வப்போது வந்து படம் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்த்து வைக்கிற கிடங்கு ஒன்று வெளிநாட்டில் இருக்கிறதாம். அசல் அழிந்தாலும் அதில் பழசு கிடக்குமாம். மனுஷர் செய்வதில்லையாம், எந்திரமே சுற்றிக்கொண்டிருக்குமாம். எனக்கு நம் சந்துக்குச் சர்வே எடுக்க வருகிறவன் ஞாபகம்தான் வந்தது. அவன் வருகிற அன்றைக்கு நீ வீட்டில் இருந்தால் உன் கதவில் நம்பர். இல்லாவிட்டால் பூட்டிய வீடு.

இதில் ஒரு கூத்தைக் கேள். ஷாலினிக்குக் கம்ப்யூட்டர் தெரியும், தமிழ் படிக்க வராது. எனக்குத் தமிழ் படிக்க வரும், கம்ப்யூட்டர் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறோம். அவள் திறப்பாள், நான் வாசிப்பேன். நான் எழுத்துக் கூட்டுவதற்குள் அவள் அடுத்ததைத் தட்டிவிடுவாள். "அரே அம்மா, ஜல்தி படி" என்று அவள் கத்த, "உங்க மாமன் எழுதுனது ஓட்டமா ஓடப்போகுது, நில்லுட்டி" என்று நான் கத்த, உன் அத்தான் கையில் கரண்டியோடு வந்து, "ரெண்டு பேரும் சேந்து ஒரு ஆளுதான் படிச்சிருக்கிய, என்னா" என்றார்.

முதலில் லூசியம்மாள் மதினி அட்டையை வைத்துப் பார்த்தோம். கிடைத்துவிட்டது. இன்னாசிமுத்து அண்ணன் பக்கம் அப்படியே வந்தது. படம் மட்டும் வரவில்லை. படம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு கட்டம். எழுத்தெல்லாம் இருந்தது. அண்ணன் பாடற்குழுவில் எல்லோருக்கும் முந்தி ஆரம்பித்து எல்லோருக்கும் பிந்தி முடிப்பார் என்று எழுதியிருந்தாயே, அதை வாசித்துக் காட்டினேன். மதினி முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரித்தார்கள். "படம் கெடக்கட்டும். படம் எங்கிட்ட இருக்கு. இதுதான் எங்கிட்ட இல்ல" என்றார்கள். திரும்ப வாசிக்கச் சொன்னார்கள். அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

முதல் பக்கமும் கிடைத்தது. அதில் நீ பெயர்களை வரிசையாகப் போட்டிருந்தாய். பெயரைத் தொட்டால் அவரவர் பக்கம் போகும். விரல் வைத்து ஒவ்வொரு பெயராகப் படித்தேன். பேச்சியம்மாள் என்ற பெயர் இல்லை. திரும்ப மேலிருந்து படித்தேன். இல்லை. அது அம்மா போவதற்கு முந்தி பிடித்த படமாம். அம்மா பக்கத்தைத் திறக்க வேண்டுமானால் அதனுடைய முழு விலாசம் வேண்டும் என்றாள் ஷாலினி. பக்கத்துக்குப் பக்கம் ஏதோ நம்பர் போட்டு வைத்திருக்கிறாயாமே. குத்துமதிப்பாகப் போட்டால் திறக்காதாம்.

சரி, நீதான் அம்மா பக்கத்தை ஊர் முழுக்க எல்லோருக்கும் போனில் அனுப்பினாயே, யாரிடமாவது கிடக்கும் என்று வீடு வீடாகப் போனேன். மழையில் செருப்பு பிய்ந்ததுதான் மிச்சம். ஒருத்தரிடமும் இல்லை. ஏன் இல்லை தெரியுமா? படித்தார்களாம், அழுதார்களாம், உனக்குப் பதில் எழுதினார்களாம். அதோடு அதைப் போனிலிருந்து அழித்துவிட்டுத் தலைக்குக் குளித்துவிட்டார்களாம். துஷ்டி வீட்டுக்குப் போய்விட்டு வந்தால் குளிக்காமல் வீட்டுக்குள் வருவோமா? அது போலத்தான். ஒருத்தர் சொல்லி ஒருத்தர் செய்ததும் இல்லை. அவரவர் வீட்டில் அவரவர்க்கே தோன்றியிருக்கிறது. அந்தத் தெருக்கோடி வீட்டு ஆத்தா மட்டும் போனையே மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தேன் என்றாள். அதிலிருந்து அந்தப் போன் பேசாதாம்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. வீட்டுக்கு வந்து அத்தானிடம் சொல்லி அழுதேன். அவர், "பின்ன என்னளா, துஷ்டி வீட்டைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டா திரிவாவ? நானும் அழிச்சிட்டுத்தான் குளிச்சேன்" என்றார். அவரை என்ன சொல்ல? மரியாதையாகத்தான் செய்திருக்கிறார்கள் எல்லோரும். இத்தனை ஊர் சேவகம் பார்த்தவன் நீ. நம் ஆட்கள் இப்படிச் செய்வார்கள் என்று உனக்குத் தோன்றவில்லையே, தம்பி.

இப்போதைக்குத் தையல்காரி ஷமீமா ஒருத்திதான் பாக்கி. அவள் மேலப்பாளையத்துக்குப் போயிருக்கிறாள், அவள் நாத்தனாருக்குப் பிரசவம். வந்ததும் கேட்க வேண்டும். அவள் எதையும் அழிக்காதவள். அவள் போன் ஒரு தரம் திறக்க ஒரு சோறு பொங்கும் நேரம் ஆகும், உனக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள் என்று எழுத வந்தேன். அடித்துவிட்டேன்.

இப்படிக்கு,
அக்கா.


தாராவி,
ஆவணி பிறந்துவிட்டது.

என் நாகு,

நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

ஷமீமா ஊரிலிருந்து வந்ததும் வராததுமாகப் போய் நின்றேன். அவள் தையல் மிஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தாள். நீ எங்கே இருக்கிறாய் அதில்? குட்மார்னிங் ரோஜாப்பூ, பிளவுஸ் அளவு, மழை செய்தி, யாருடைய கல்யாண வீடியோவோ, அதற்கெல்லாம் அடியில். அவள் தள்ளிக்கொண்டே போகிறாள், போன் நின்று நின்று போகிறது. "ஏன் புள்ள, இதையெல்லாம் வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போற?" என்று கேட்டேன். "ஒருத்தவுங்க மெனக்கெட்டு அனுப்புனதை எப்படிக்கா அழிக்கிறது" என்றாள்.

கிடைத்தது. நீ அவளுக்கு எழுதியது, "ஷமீமாக்கா, அம்மாவுக்குப் பக்கம் போட்டிருக்கேன். நேரம் இருந்தா பாருங்க." அதற்குக் கீழே அந்த விலாசம். உன் எழுத்தைப் பார்த்ததும், நீ இப்போதுதான் அனுப்பியது போல இருந்தது. ஷமீமா என் தோளில் கை வைத்தாள். நான் கையைத் தட்டிவிட்டேன், பாவம். எனக்கு அப்போது யாரும் தொட வேண்டாம் போல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருந்தேன். அத்தான் அன்றைக்கு இட்லிக்குப் போகவில்லை. கால் வலி என்று சொன்னார். கால் வலி இல்லை என்று எனக்குத் தெரியும். சுவரோரம் முழங்காலை நீட்டி உட்கார்ந்துகொண்டார். ஷாலினி விலாசத்தைப் போட்டாள். சுற்றிக்கொண்டே இருந்தது. பிறகு வந்தது.

பேச்சியம்மாள் என்று பெரிய எழுத்தில் இருந்தது. படம் இல்லை, வெள்ளைக் கட்டம். எனக்கு முதலில் வாசிக்க வரவில்லை, எழுத்து ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டது. ஷாலினி கண்ணாடி எடுத்துக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் ஜல்தி என்று சொல்லவில்லை. நான் ஒரு வரி முடித்துத் தலையை ஆட்டினால்தான் அடுத்த வரிக்கு நகர்த்தினாள்.

அம்மா இத்தனை வருடம் பம்பாயில் இருந்தும் ஒரு வார்த்தை இந்தி பேசாமல், காய்கறிக்காரனிடம் தமிழிலேயே பேரம் பேசி அவனைத் தமிழ் பேச வைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் இறங்குகிற ஸ்டேஷன் வந்தாலும் எழுந்திருக்க மாட்டாள், குர்லாவில் இறங்க வேண்டியவளைத் தானேயில் இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். அத்தான் சுவரோரம் இருந்து, "ஆமா ஆமா, அன்னைக்கு டிக்கெட்டுக்காரன் பிடிச்சான்" என்றார். அக்காவை வைவதற்காகவே அம்மா விடியுமுன் எழுந்திருப்பாள், வைது முடித்தபிறகுதான் காப்பி குடிப்பாள் என்று எழுதியிருந்தாய். அந்த இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். ஷாலினி, "என்னம்மா எழுதியிருக்கு, சொல்லேன்" என்று பிடித்து உலுக்கினாள். அவளுக்குப் படிக்கத் தெரியாதே. சொன்னேன். "ஆச்சி ஐசீ ஹி தீ, அப்படியேதான்" என்று சொல்லி அவளும் அழுதாள்.

பிறகு கடைசி வந்தது. நீ எழுதினதை அப்படியே எழுதுகிறேன், நீ மறந்திருப்பாய்.

"அம்மா கடைசியாகப் பேசியது என்னிடம்தான். அக்காவுக்கு ஒன்று சொன்னாள். அதை நாளைக்கு எழுதுகிறேன். இன்றைக்குக் கை ஓடவில்லை."

அவ்வளவுதான். அதற்குக் கீழே துஷ்டி கேட்டவர்கள் நாலைந்து பேர். அதற்கும் கீழே ஒன்றுமில்லை.

"அடுத்த நாளுக்குத் தள்ளுட்டி" என்றேன். ஷாலினி என்னென்னவோ தட்டினாள். அந்த எந்திரம் அம்மா பக்கத்துக்கு ஒரே ஒரு தரம்தான் வந்திருக்கிறது. நீ பக்கத்தைப் போட்ட அன்றைக்கே வந்து படம் பிடித்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி வரவில்லை. "ஒரு தேதிதான் இருக்கும்மா. பாக்கி எல்லாம் காலி" என்றாள். நான் சொன்னேன், இல்லை, உங்க மாமா எழுதியாச்சு என்று என்னிடம் சொன்னான், நாலு நாள் கழித்துச் சொன்னான், அதனால் எழுதித்தான் இருப்பான், இன்னொரு தரம் தேடு என்று. அவள் இன்னொரு தரம் தேடினாள். எனக்காகத் தேடினாள்.

அப்புறம் அந்த மெசேஜை வாங்கினவர்களிடம் திரும்பப் போனேன். விலாசம் வேண்டாம், படித்தது ஞாபகம் இருந்தால் சொல்லுங்கள் என்று கேட்டேன். ஷமீமா, "உங்களைப் பத்திரமா இருக்கச் சொன்னாங்கன்னு போட்டிருந்துதுக்கா, நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள். லூசியம்மாள் மதினி, "பிள்ளைய நல்லாப் படிக்க வையின்னு உங்க அம்மை சொன்னதா எழுதியிருந்தான்" என்றார்கள். அடுத்த சந்துப் பீவி, வீட்டைப் பூட்டிவிட்டுச் சாவியை எங்கே வைத்தாய் என்று நம் அம்மா கேட்டதாகச் சொன்னாள். ஒருத்தர் சொன்னது போல இன்னொருத்தர் சொல்லவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை, நாகு. அவரவர் அம்மா சொன்னதைச் சொல்கிறார்கள். பீவியின் அம்மா சாவகாசமாகப் போனவள், சாவியைப் பற்றித்தான் கேட்டிருப்பாள். ஷமீமா பிறகு ஒரு நாள் வந்து, "அக்கா, யோசிச்சுப் பாத்தேன். நான் படிச்சது அன்னைக்கேதான். மறுநாள் படிக்கலை" என்றாள். அதைச் சொல்லவே மழையில் நனைந்துகொண்டு வந்தாள்.

அத்தானைக் கேட்டேன். "நான் எங்க படிச்சேன், நான் மாவு கரைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "உங்க அம்மை என்னத்தைச் சொல்லியிருப்பா. உன்னைய வஞ்சிருப்பா. அதை எழுத அவனுக்குக் கூச்சமா இருந்திருக்கும்" என்றார். சிரித்தேன். நீ போனதற்குப் பிறகு அவர் பேச்சுக்கு நான் சிரித்தது அன்றைக்குத்தான். திட்டியிருந்தால்கூட எனக்கு அது வேண்டும், தம்பி. அவள் வாயிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் வேண்டும்.

ஷாலினி புதிதாக ஒரு பெயர் எடுத்து, கிடங்கில் கிடைத்த பக்கங்களையெல்லாம் ஒவ்வொன்றாக அதில் ஏற்றுகிறாள். கிடைக்காதது நிறைய இருக்கிறது. அந்த வீட்டுக்காரர்களிடம் போய் இல்லை என்று சொல்வது என் வேலையாக இருக்கிறது. சிலர் சரி என்கிறார்கள். சிலர் என்னையே பார்க்கிறார்கள். அந்த வீடுகளில் நான் போயிட்டு வாரேன் என்று சொல்லாமல்தான் எழுந்து வருகிறேன். இந்த வாட்டி யாரும் எதையும் அழிக்க வேண்டாம் என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். குளிக்கிறதைக் குளியுங்கள், போனைத் தொடாதீர்கள் என்று. கேட்பார்களா, தெரியாது.

அம்மா பக்கத்தை ஏற்றும்போது ஷாலினி கேட்டாள், அந்தக் கடைசி வரியை எடுத்துவிடட்டுமா, படிக்கிறவர்கள் அடுத்தது எங்கே என்று தேடுவார்களே என்று. எடுக்காதே என்று சொல்லிவிட்டேன். நீ வைத்தது வைத்தபடி இருக்கட்டும். உனக்கும் ஒரு பக்கம் போட வேண்டும் என்று அவள் நச்சரிக்கிறாள். போடலாம். கொஞ்ச நாள் போகட்டும் என்றிருக்கிறேன். எனக்கு இன்னும் கை ஓடவில்லை.

அம்மாவும் நீயும் ஒரே இடத்தில் இருந்தால் அவளைச் சண்டைக்கு இழுக்காதே. அவளுக்கு ஜன்னலோரத்தைக் கொடு. எங்கே இருந்தாலும் நெஞ்சு வலி இல்லாமல் இரு, என் தங்கமே.

இப்படிக்கு,
உன் அக்கா
இசக்கி.

கடிதத்தை மடிக்கப் போனவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். உன் மேல் கோபம் இல்லை. யாரிடமும் இதைக் கேட்க முடியாததால் உன்னிடம் கேட்கிறேன். மறுநாள் நீ அதை எழுதினாயா, நாகு? இல்லை, எழுத முடியாமல்தான் என்னிடம் எழுதிவிட்டேன் என்று சொன்னாயா?